பாய்மரப் படகில் குடித்தனம்: ஊரில் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

கடலூர் முதுநகர்தான் எங்கள் ஊர். வருடத்தில் பாதிக்கு மேல் நானும் என் வீட்டுக்காரரும் 34 அடி நீளமுள்ள ஒரு பழைய ஃபைபர் பாய்மரப் படகில் குடியிருக்கிறோம். படகு பெரும்பாலும் மலேசியாவின் லங்காவித் தீவுப் பக்கம் நிற்கும். மீதி நாட்களில் ஊருக்கு வருவோம். வந்தால் கல்யாண வீடு, பேருந்து, சில்வர் பீச் என்று எங்கே போனாலும் கேள்விகள். பாதிப் பேர் பொறாமையோடு கேட்கிறார்கள், பாதிப் பேர் பரிதாபத்தோடு. இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

உள்ளே எவ்வளவு இடம் இருக்கும்? நிமிர்ந்து நிற்க முடியுமா?

நடுப்பகுதியில் நிற்கலாம். 34 அடி என்பது வெளியே அளந்த நீளம். அகலம், அதிகமாக இருக்கும் இடத்தில், 11 அடி. அணியப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், முக்கோணமாக ஒரு படுக்கை. நடுவில் மேசை, இரண்டு பக்கமும் பெஞ்சு. கடல் ஆடும்போது தூங்க அந்தப் பெஞ்சுதான் நல்லது, ஏனென்றால் முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். படி இறங்கியதும் ஒரு பக்கம் அடுப்படி, எதிர்ப்பக்கம் வரைபட மேசை, அதை ஒட்டிக் கழிவறை. எஞ்சின் படிக்கட்டுக்கு அடியில். பீரோ, அலமாரி என்று தனியாக எதுவும் கிடையாது; ஒவ்வொரு பலகைக்குக் கீழும் ஏதோ ஒன்று இருக்கும். எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறோம். அந்த நோட்டு எங்கே என்பது தனிப் பிரச்சினை.

தினமும் பாய் விரித்துப் போய்க்கொண்டே இருப்பீர்களா?

இல்லை. பெரும்பாலான நாட்கள் ஏதாவது ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டு நிற்போம், அல்லது படகைக் கரையேற்றி வேலை பார்ப்போம். பயணம் செய்யும் நாட்கள் குறைவு, அதுவும் வேகமான பயணம் கிடையாது. எங்கள் படகு சராசரியாக 5 நாட் போகும், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். கடலூரிலிருந்து புதுச்சேரி கடல்வழியில் ஏறக்குறைய 13 கடல் மைல். காற்று நன்றாக இருந்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். அதற்குள் பஸ்ஸில் போனவர் பாண்டிச்சேரியில் வேலையை முடித்துவிட்டுக் கடலூருக்கே திரும்பியிருப்பார். புதுச்சேரியிலிருந்து சென்னை 75 மைல் போல, ஒரு பகலோ ஒரு இரவோ முழுசாக வேண்டும். போர்ட் பிளேர் 750 மைலுக்குப் பக்கம், ஆறு நாளுக்கு மேல்.

இதெல்லாம் காற்று தோதாக இருந்தால். பாய்மரப் படகு காற்றுக்கு நேர் எதிரே போகாது. 45 டிகிரி அளவுக்கு விலகி, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். அப்போது 75 மைல் 100 மைலைத் தாண்டிவிடும். அதனால்தான் கடல்வாசிகள் யாரும் “செவ்வாய்க்கிழமை வந்துவிடுவேன்” என்று சொல்வதில்லை. சொல்கிறவர்களை நம்பி மீன்குழம்பு வைக்காதீர்கள்.

ஆசையாக இருக்கிறது. ஆனால் படகை ஏன் புதுச்சேரியிலோ கடலூரிலோ வைத்துக்கொள்ளவில்லை?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் முக்கியமானது. ஊர்ப்பாசம் இல்லாமல் இல்லை. வரைபடத்தைப் பாருங்கள்: சென்னைக்குத் தெற்கே கோடியக்கரை வரை கரை ஒரே நேர்கோடு. ஒதுங்க ஒரு வளைகுடா கிடையாது, மறைக்க ஒரு தீவு கிடையாது. வங்கக்கடல் முழுக்க நேரே வந்து மோதும் கரை இது. மிச்சம் இருப்பவை ஆற்று முகத்துவாரங்கள். புதுச்சேரியில் அரியாங்குப்பத்து ஆற்று வாய், கடலூரில் கெடிலமும் உப்பனாறும் கடலோடு சேரும் இடம். இரண்டிலும் மணல் அடைத்துக்கொள்வது காலங்காலமான தொல்லை. மீனவர்களின் சின்ன ஃபைபர் படகு இரண்டடித் தண்ணீரில் ஏறிப் போய்விடும். எங்கள் படகுக்குக் கீழே ஈயம் அடைத்த அடித்தண்டு இருக்கிறது, அதற்கே ஐந்தரை அடித் தண்ணீர் வேண்டும். அலை வாங்கி இறங்கும்போது மணலில் இடித்தால் சுக்கானுக்கு ஆபத்து. இந்தக் கரையில் ஓதமும் ஒரு மீட்டருக்குள்தான் ஏறி இறங்கும் என்பதால், “ஏற்றத்துக்குக் காத்திருந்து உள்ளே போகலாம்” என்பதும் பெரிதாக உதவாது.

மீன்பிடித் துறைமுகங்கள் இருக்கின்றன, சரி. புதுச்சேரியில் தேங்காய்த்திட்டிலும் இங்கே முதுநகரிலும் போய்ப் பாருங்கள், விசைப்படகுகளுக்கே இடம் போதவில்லை. நடுவில் நாங்கள் போய் பாய்மரத்தை நிறுத்திக்கொண்டு நின்றால் நியாயமாகவும் இருக்காது. பாய்மரப் படகுகளுக்கென்று கட்டிய மரினா, அதாவது படகுத்துறை, இந்தியாவில் முதலில் வந்தது கொச்சியில், போல்காட்டித் தீவில்.

துறைமுகத்துக்கு வெளியே, திறந்த கடலில் நங்கூரம் போடலாம். அந்தக் காலக் கப்பல்கள் எல்லாம் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் எதிரே அப்படித்தான் நின்றன. படகுகள் போய்ச் சரக்கை இறக்கின. ஒருமுறை படகை இந்தப் பக்கம் கொண்டுவந்தபோது, சென்னையில் கஸ்டம்ஸ், இமிகிரேஷன் வேலையெல்லாம் முடித்துவிட்டு நாங்களும் புதுச்சேரிக்கு எதிரே நின்றோம். காற்று ஒரு திசை, அலை வேறொரு திசை. படகு காற்றைப் பார்த்து நிற்கும், அலை விலாவில் வந்து முட்டும். ராத்திரி பூராவும் இடமும் வலமுமாக உருண்டோம். பின்பக்கம் இன்னொரு நங்கூரம் போட்டு அணியத்தை அலை பக்கம் திருப்பிய பிறகுதான் கொஞ்சம் கண்ணை மூட முடிந்தது. கரையில் இருந்த தங்கச்சி போனில், “விளக்கெல்லாம் அழகாத் தெரியுமே, குடுத்து வச்சவ” என்றாள்.

அப்போ புயல் காலத்தில் என்ன செய்வீர்கள்?

இங்கே இருக்க மாட்டோம். அதற்கு மேல் சாமர்த்தியம் எதுவும் இல்லை.

கடலூர்க்காரர்களுக்குப் புயலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2020 நவம்பரில் நிவர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல். புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை.

இன்னொரு தேதியும் எனக்கு மனப்பாடம்: 1761 ஜனவரி 1. அன்றைக்கு ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகை போட்டிருந்தார்கள், அவர்களுடைய போர்க்கப்பல்கள் ஊருக்கு எதிரே திறந்த கடலில் நின்றன. புயல் வந்தது. சில கப்பல்கள் ஆட்களோடு மூழ்கின, சில கரையில் தூக்கி அடிக்கப்பட்டன. தானே புயல் வந்த தேதியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் ஏறக்குறைய 250 வருடம், நாட்காட்டியில் இரண்டு நாள்தான் வித்தியாசம். “கார்த்திகை தாண்டிவிட்டது, இனிப் பயமில்லை” என்கிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். போர்க்கப்பலுக்கே அந்தக் கதி என்றால் 34 அடிப் படகு எம்மாத்திரம்?

வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபருக்கு முன்பே படகு லங்காவிப் பக்கம் போய்விட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த இடம் நில நடுக்கோட்டிலிருந்து ஆறு டிகிரி தள்ளித்தான் இருக்கிறது. புயல்கள் அவ்வளவு தெற்கே வருவது அபூர்வம். ஜனவரி கடைசியில் வடகிழக்குக் காற்று சாதுவாகிவிடும். அது முதுகுப் பக்கம் இருந்து தள்ள, அந்தமான் வழியாக மேற்கே வரலாம். திரும்பிப் போக ஏப்ரல். மே மாதத்திலும் வங்கக்கடலில் புயல் பிறக்கும் என்பதால் அதற்கு மேல் இழுக்க மாட்டோம். மற்றவர்கள் பள்ளி விடுமுறையைப் பார்த்துப் பயணம் போடுவார்கள், எங்களுக்குக் காற்றும் விசாவும்.

தப்பா நினைக்காதீங்க... பாத்ரூம் எப்படி?

யாரும் தப்பாக நினைக்கவில்லை. எல்லோரும் கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்பது இதைத்தான்.

சின்ன அறை, சின்னப் பீங்கான், பக்கத்தில் ஒரு கைப்பம்பு. ஒரு நெம்புகோலைத் திருப்பி அடித்தால் கடல்நீர் உள்ளே வரும், மறுபக்கம் திருப்பி அடித்தால் வெளியே தள்ளும். கரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது எதுவும் கடலுக்குப் போகக் கூடாது, ஒரு தொட்டியில் சேரும். கரையை விட்டு நன்றாக வெளியே போன பிறகுதான் தொட்டியைத் திறப்போம். நங்கூரம் போட்டிருக்கும் இடத்தில் பக்கத்துப் படகுப் பிள்ளைகள் நீந்திக்கொண்டிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வெள்ளைக்காரர்களின் படகில் குழாய் அடைக்க முதல் காரணம் காகிதம். நமக்குத் தண்ணீர். ஆனாலும் நாம் தப்பிக்க முடியாது. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயின் உள்ளே சுண்ணாம்பு மாதிரி கெட்டியாகப் படியும், துவாரம் வருடத்துக்கு வருடம் சிறுத்துக்கொண்டே போகும். அதற்கு வாரம் ஒரு தடவை வினிகர். அதையும் மீறி அடைத்தால் பம்பைக் கழற்ற வேண்டும். அந்த வேலையை எங்கள் வீட்டில் முறை போட்டுச் செய்கிறோம். சமையலுக்குக்கூட முறை கிடையாது, இதற்கு மட்டும் உண்டு.

தண்ணீர்? துணி துவைப்பது?

எங்கள் தொட்டி 300 லிட்டர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 15 லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் 20 நாள் வரும். ஊரில் ஒருவர் குளிக்கவே அவ்வளவு ஆகும். படகில் கடல்நீரில் குளித்துவிட்டு, ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவோம். சாதாரண சோப்பு கடல்நீரில் நுரைக்காது, ஷாம்பு நுரைக்கும். பாத்திரமும் அப்படித்தான்: கடல்நீரில் தேய்த்து, கடைசியில் நல்ல தண்ணீர். முட்டை, உருளைக்கிழங்கு வேகவைக்கக் கடல்நீரே போதும்.

கடல்நீரை நல்ல தண்ணீராக்கும் கருவி இருக்கிறது, வீட்டு ஆர்ஓ மாதிரியே சவ்வு வைத்தது, அழுத்தம் மட்டும் பல மடங்கு. எங்களுடையது சின்னது. துறைமுகத்துக்குள் அதைப் போடவே கூடாது. தண்ணீரில் மிதக்கும் டீசல் சவ்வைக் கெடுத்துவிடும். மழை வந்தால் வெயிலுக்குக் கட்டிய துணியிலேயே தண்ணீர் பிடிப்போம். நல்ல மழையில் அரைமணி நேரத்தில் குடங்கள் நிறைந்து, உடனே துணி துவைக்க உட்கார்ந்துவிடுவேன்.

துணியைக் கடல்நீரில் துவைத்து அப்படியே காயவைத்தால் அது காயவே காயாது. உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சாயங்காலம் மறுபடி பிசுபிசுக்கும். மெத்தையில் உப்புத் துணியோடு உட்காரக் கூடாது என்பது விருந்தாளிகளுக்கும் பொருந்தும்.

கரண்ட்?

மேலே 400 வாட் சோலார், கீழே லித்தியம் பேட்டரி. வெயில் நன்றாக அடித்தால் ஒரு நாளைக்கு 100 ஆம்பியர்-அவர் அளவுக்குக் கிடைக்கும். அதில் பாதியைச் சின்னப் பிரிட்ஜ் ஒன்றே தின்றுவிடும். ஏசி பேச்சே இல்லை. மேல் சன்னலுக்குத் துணியில் ஒரு காற்றுப்பிடிப்பான் தைத்துக் கட்டியிருக்கிறேன், நங்கூரத்தில் நிற்கும்போது காற்று உள்ளே விழும்.

இட்லி, தோசை உண்டா?

உண்டு! மாவு அரைக்கும் நேரம் மட்டும் மாறும். மிக்சி 750 வாட், பத்து நிமிடம் ஓட்டினால் பேட்டரியில் 10 ஆம்பியர்-அவருக்கு மேல் போகும். அதனால் காலையில் பேட்டரி ஏறி, பகல் 12 மணிக்கு மேல் வெயில் உச்சியில் இருக்கும்போதுதான் அரைப்பேன். கிரைண்டர் சரிப்படாது, ஆடும் படகில் கல்லுருளை நிற்காது. மாவைப் பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல் உயரமான டப்பாவில் வைத்து மூடியை இறுக்க வேண்டும். அந்தச் சூட்டுக்கு ஆறேழு மணி நேரத்தில் பொங்கிவிடும். இட்லிப் பானையைப் பயணத்தில் தொட மாட்டேன், கொதிக்கும் தண்ணீர் ஆபத்து. நங்கூரம் போட்ட மறுநாள் காலையில் இட்லி.

கடலில் போகும்போது எல்லாம் குக்கர். எங்கள் அடுப்பு படகு சாயும்போது தானும் எதிர்ப்பக்கம் சாய்ந்து மட்டமாகவே நிற்கும்படி ஊஞ்சல் கம்பியில் மாட்டியது. ஆனாலும் கவிழ்ந்தால் சிந்தாத பாத்திரம் குக்கர் ஒன்றுதான், கேஸும் மிச்சம். கேஸைப் பற்றி ஒன்று: அது காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு, சன்னலைத் திறந்து வெளியேற்றலாம். படகின் அடிவயிற்றுக்கு வாசல் கிடையாது, கசிந்த கேஸ் அங்கேயே தேங்கி நிற்கும், ஒரு தீப்பொறி போதும். அதனால் சிலிண்டர் வெளியே தனிப் பெட்டியில். ஒவ்வொரு சமையலும் முடிந்ததும் வால்வை மூடிவிட்டு, “மூடியாச்சு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

பிரிட்ஜ் இல்லாத காலத்துச் சமையல் தெரிந்த ஆத்தா, அம்மாயி யாராவது இருந்தால் அவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். படகுக்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை. புளிக்காய்ச்சல், வற்றல், வடகம், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய். காய்களில் பூசணி, சேனை, சின்ன வெங்காயம், உரிக்காத தேங்காய் வாரக்கணக்கில் தாங்கும். கருவாடு மட்டும் என் வீட்டுக்காரர் தடை போட்டுவிட்டார். மூடிய படகில் அந்த வாசனை ஒரு மாதம் போகாது என்கிறார். நான் அவர் இல்லாத நேரத்தில் வெளியே வைத்துச் சுடுகிறேன்.

அப்புறம், அட்டைப்பெட்டி எதையும் படகுக்குள் விடக் கூடாது. கரப்பான் முட்டை அட்டை மடிப்பில்தான் ஒளிந்து வரும். சாமான்களைக் கரையிலேயே பிரித்து, முட்டை அட்டையைக்கூட மாற்றிவிட்டுத்தான் ஏற்றுவோம்.

வாந்தி வராதா?

வரும். முதல் இரண்டு மூன்று நாள் எனக்கு ஒவ்வொரு முறையும் வருகிறது, அப்புறம் உடம்பு பழகிக்கொள்ளும். இஞ்சி கொஞ்சம் கேட்கும். அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு சுக்கானைப் பிடித்தால் நன்றாகவே கேட்கும். மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுப்பதென்றால், கிளம்பும் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் மாத்திரையே வெளியே வந்துவிடும்.

ராத்திரி எங்கே நிறுத்தித் தூங்குவீர்கள்?

நடுக்கடலில் நிறுத்த முடியாது, ஆழம் ஆயிரக்கணக்கான மீட்டர். படகு போய்க்கொண்டே இருக்கும், ஒருவர் விழித்திருப்பார். மூன்று மணி நேரம் அவர், மூன்று மணி நேரம் நான். திசையைத் தானியங்கிக் கருவி பிடித்துக்கொள்ளும், நம் வேலை பார்ப்பது. பெரிய கப்பல்கள் ஏஐஎஸ் கருவியில் பெயர், வேகம், திசையோடு திரையில் தெரியும். அவற்றைவிட எனக்குப் பயம் நம் கரைக்குப் பக்கத்தில் விரித்திருக்கும் வலைகள்தான். மைல் கணக்கில் மிதக்கும் செவுள்வலையின் நுனியில் ஒரு சின்ன விளக்கு, சில சமயம் ஒரு தெர்மாகோல் துண்டும் கொடியும் மட்டும். எஞ்சின் விசிறியில் வலை சுற்றினால் எங்களுக்கும் நஷ்டம், வலைக்காரருக்கு அதைவிட நஷ்டம். அதனால் தமிழகக் கரையோரம் ராத்திரிப் பயணம் என்றால் நன்றாக வெளியே ஒதுங்கிப் போவோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் இருக்காது, கடல் காலியாகத் தெரியும். ஆனால் ஃபைபர் படகுகள் அப்போதும் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. ஒருமுறை விடியற்காலையில் தேவனாம்பட்டினத்துப் படகு ஒன்று பக்கத்தில் வந்து, “எந்த ஊரு?” என்று ஆங்கிலத்தில் கேட்க முயன்றார்கள். “முதுநகர்” என்றேன். சிரித்துச் சிரித்து, ஒரு கூடை சங்கராவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனார்கள்.

இரவுக் காவலில் தூக்கத்தைக் கலைக்கக் கோலா மீன் உதவும். விளக்கைப் பார்த்துப் பறந்து வந்து, பாயில் மோதி மேல்தளத்தில் விழும். சில நேரம் நம் கன்னத்திலும் விழும். காலையில் பொறுக்கினால் ஒரு குழம்புக்கு ஆகும்.

ஆபத்து என்றால் யாரைக் கூப்பிடுவது?

விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சானல். பக்கத்தில் இருக்கும் எல்லாக் கப்பலுக்கும் கேட்கும். இந்தியக் கரைக்குப் பக்கத்தில் போன் எடுத்தால் கடலோரக் காவல்படையின் 1554. மீட்பு ஒருங்கிணைப்பு மையம் சென்னையிலேயே இருக்கிறது. எதுவும் எடுக்காத இடத்தில் இபிர்ப் என்ற கருவி. அமுக்கினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு இடத்தைச் சொல்லிவிடும்.

சாட்டிலைட் போன் பற்றி எச்சரிக்கை. வெளிநாட்டுப் படகுக்காரர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். இந்தியாவில் அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம். மலையேறுகிறவர்கள் கொண்டுபோகும் கையடக்க சாட்டிலைட் கருவிகளுக்கும் இதே கதி. விமான நிலையங்களில் பிடிபட்டவர்கள் உண்டு. உங்களைப் பார்க்க வரும் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொள்ளைக்காரர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். நாங்கள் போகும் கடலில் பார்த்ததில்லை. வலைதான், வலை.

சும்மா ஜாலியாக இருக்கிறீர்கள், வேலையே இல்லையே?

இதைக் கேட்கிறவர்களைப் படகைக் கரையேற்றும் வாரத்தில் கூப்பிட வேண்டும் என்று ஆசை.

வெதுவெதுப்பான கடலில் படகின் அடிப்பாகம் ஒரு மாதம் சும்மா நின்றால் போதும், பாசி பிடிக்கும், அதன் மேல் கொட்டலசு என்ற ஓடுள்ள சின்ன உயிரி ஒட்டும். வேகம் 5 நாட்டிலிருந்து 4-க்கு இறங்கும். மூச்சைப் பிடித்து மூழ்கிச் சுரண்ட வேண்டும், அதன் ஓடு கையைக் கிழிக்கும். வருடம் ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை படகைத் தூக்கி, பழைய பூச்சைத் தேய்த்து, செம்பு கலந்த விஷப் பூச்சு அடிக்க வேண்டும். விசிறித் தண்டில் ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும். கடல்நீரின் மின் அரிப்பு விசிறியைத் தின்னாமல் அதைத் தின்னும். அது கரைந்ததும் மாற்றாவிட்டால் அடுத்தது விசிறி.

எஞ்சினுக்கு எண்ணெய், வடிகட்டி, கடல்நீரை இழுக்கும் ரப்பர்ச் சக்கரம். டீசலில் தண்ணீர் கலந்தால் அதில் பாசி மாதிரி ஒன்று வளர்ந்து வடிகட்டியை அடைக்கும், அலை அடிக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அடைக்கும். படகின் உடம்பில் தண்ணீர் போக வரத் துளைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. அத்தனையையும் மாதம் ஒருமுறை திறந்து மூடிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் இறுகிவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூம்பு வடிவில் ஒரு மரக்கட்டை கட்டித் தொங்கும். வால்வு உடைந்தால் அதை அடித்துச் செருகினால்தான் படகு மிஞ்சும். பாயின் தையல் வெயிலில் இற்றுப்போகும், தைப்பது என் வேலை. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கிறார்களே, கடலில் அதுவும் துருப்பிடிக்கும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் எஃகுக் கம்பிகளைப் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மொத்தமாக மாற்ற வேண்டும். ஒரு கம்பி அறுந்தால் மரம் சாயும்.

காலையில் இரண்டு மணி நேரம் பராமரிப்பு என்று வைத்துக்கொண்டால் மத்தியானம் நீந்தப் போகலாம். ஒரு வாரம் ஏமாற்றினால் அடுத்த வாரம் முழுக்கப் போய்விடும்.

செலவு?

வாங்கும் விலையைப் பார்க்காதீர்கள். முப்பது வருடப் பழைய படகு மலேசியா, தாய்லாந்தில் கார் விலைக்குக் கிடைக்கும். வருடா வருடம் அந்த விலையில் பத்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. பழைய படகுக்கு அது போதாது.

பொம்பளைங்களுக்குக் கஷ்டம் இல்லையா?

2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கடற்படையின் இரண்டு பெண் அதிகாரிகள் கிளம்பி, தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் இருக்கும் ஹார்ன் முனையைச் சுற்றி, உலகத்தையே வலம்வந்து 2025 மே கடைசியில் திரும்பினார்கள். தில்னா, ரூபா. அதில் ரூபா அழகிரிசாமி நம் புதுச்சேரிக்காரர். ஊரில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்கும் மாமாக்களுக்கு நான் இந்தப் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். தோள்பலம் தேவைப்படும் இடத்தில் கப்பியும், கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சும் இருக்கின்றன. மாதவிடாய் நாட்களுக்குச் சிலிகான் கப் வைத்துக்கொண்டால் குப்பை பிரச்சினையும் இல்லை. பிளாஸ்டிக் எதையும் எந்தக் கடலிலும் போடக் கூடாது என்பது உலகச் சட்டம்.

இவ்வளவு சின்ன இடத்தில் சண்டை வராதா?

வரும், நங்கூரம் போடும்போது. அவர் பின்னால் எஞ்சினைப் பிடித்திருப்பார், நான் முன்னால் சங்கிலியோடு. எஞ்சின் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, கத்துவோம், பக்கத்துப் படகுகளில் இருப்பவர்கள் காபியோடு வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது கைச்சாடை வைத்திருக்கிறோம்: முஷ்டி என்றால் நிறுத்து, ஒரு விரல் என்றால் முன்னால். ஆழம் 5 மீட்டர் என்றால் 25 முதல் 35 மீட்டர் சங்கிலி விட வேண்டும். நங்கூரம் கனத்தால் மட்டும் பிடிப்பதில்லை, சங்கிலி தரையோடு படுத்து இழுத்தால்தான் கொக்கி மண்ணுக்குள் இறங்கும். அந்தக் கணக்கில் இன்னும் சண்டை உண்டு, சத்தம் வெளியே கேட்பதில்லை.

அப்படி என்னதான் சந்தோஷம் இதில்?

எஞ்சினை நிறுத்தும் நேரம். ஆஞ்சான் கயிற்றை இழுத்துப் பாயை ஏற்றி, காற்று பிடித்து, படகு லேசாகச் சாய்ந்ததும் சாவியைத் திருப்பினால் அந்த டீசல் இரைச்சல் ஓய்ந்து தண்ணீர் மட்டும் கேட்கும். நான் பழகவில்லை இன்னும் அதற்கு.

தை மாசி மாதங்களில் இந்தக் கரையோரம் பங்குனி ஆமைகள் முதுகைக் காட்டி மிதப்பது, அணியத்துக்கு முன்னால் ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், போட்டி போடுவது. நிலா இல்லாத இரவில் சில சமயம் படகு போன தடம் பின்னால் பச்சையாக ஒளிர்வது. தண்ணீரில் இருக்கும் நுண்ணுயிர்கள் கலங்கும்போது வரும் வெளிச்சம் அது. மாசிமகத்தன்று வைத்திக்குப்பத்தில் சாமிகள் எல்லாம் கடலைப் பார்க்க வந்து நிற்பதைக் கடல் பக்கமிருந்து பார்த்தேன். கரையில் கூட்டத்துக்குள் நின்று எத்தனையோ தரம் பார்த்ததுதான், ஆனால் அன்றைக்கு எல்லாச் சாமியும் எங்கள் பக்கம் பார்த்து நின்றன. புதுச்சேரியின் 1836-ஆம் வருடத்துப் பழைய கலங்கரை விளக்கம் கடற்கரைச் சாலையில் சும்மா நிற்கிறது, படம் எடுக்கிறார்கள். 1979-ல் வந்த புது விளக்கம் ராத்திரி வெளியே இருக்கும்போது சுழன்று கண்ணில் பட்டால், அது யாருக்காகச் சுற்றுகிறது என்று கேட்க வேண்டியதில்லை.

சில சந்தோஷம் அற்பமானது. வாரக்கணக்கில் பேட்டரி, தொட்டி, கேஸ் மூன்றையும் அளந்து வாழ்ந்துவிட்டு ஊருக்கு வந்து ஒரு முழு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவது.

நாங்களும் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

நீச்சலில். அப்புறம் சென்னை. 1911-லிருந்து இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சின்னப் படகில் பயிற்சி தருகிறது. சின்னப் படகில் கற்றவர்களுக்குத்தான் காற்று உடம்பில் ஏறும். நேராகப் பெரிய படகுக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்தே ஓட்டுவார்கள். அடுத்து, வேறொருவர் படகில் உதவியாளராகப் போங்கள். ஒரு இரவுப் பயணமாவது அதில் இருக்கட்டும். வாங்கும் யோசனை வந்தால், முதலில் படகுகளைக் கரையேற்றி வைத்திருக்கும் பட்டறை ஒன்றில் ஒரு வாரம் யாருக்காவது கூடமாட வேலை செய்யுங்கள். கையில் ஒரு சுரண்டி கொடுப்பார்கள். அந்த வாரம் முடிந்தும் ஆசை தீரவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், எந்தப் படகை வாங்கக் கூடாது என்று சொல்கிறேன்.